சிரிப்பும் நாவொழுக்கமும்

“யாரது?” என்று உள்ளிருந்து கேட்டால், “நான்தான்” என்று வெளியிலிருந்து பதில் வருகிறது. கேட்டவருக்கு அந்தப் பதிலால் எள்ளளவும் பயனில்லை. உலகத்தில் உள்ள மனிதர் அனைவருமே தத்தமக்கு “நான்தான்.” கதவோடு நின்றிருந்த இந்தப் பழக்கம் இப்போது கைப்பேசியிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. புதிய எண்ணிலிருந்து அழைத்து, “நான்தான் பேசுறேன், குரல் தெரியலையா?” என்று கேட்டு, மறுமுனையில் இருப்பவர் திண்டாடுவதில் இன்பம் காண்போரும் உண்டு.

ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் தம் தந்தையார் விட்டுச் சென்ற கடன் சம்பந்தமாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று கதவைத் தட்டினார்கள். யாரென்று கேட்கப்பட்டதும், நான் என்றார்கள். அண்ணலார் அந்த ஒரு சொல்லையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். அந்தப் பதில் அவர்களுக்குப் பிடிக்கவில்லை போலத் தெரிந்தது என்று ஜாபிர் (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். புகாரி ஷரீபில் பதிவான ஹதீஸ் இது. இதை நகைச்சுவை என்று சொல்லலாமா என்று ஆலிம் பெருமக்கள் கேட்கக்கூடும். அப்படிச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் கற்பித்த முறையைக் கவனியுங்கள். நீண்ட உபதேசம் இல்லை. உமக்குப் பேசத் தெரியவில்லை என்ற கடிந்துரையும் இல்லை. அவர் சொன்ன சொல்லையே அவர் காதுக்குத் திருப்பித் தந்தார்கள். அது எவ்வளவு வெறுமையான சொல் என்பது சொன்னவருக்கே விளங்கிவிட்டது. அவர் அதை மறக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. நம் வரைக்கும் அது வந்து சேர்ந்திருக்கிறது.

பேச்சு ஒழுக்கத்தைச் சிரிப்பின் வழியாகக் கற்றுக்கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றால் அதற்கு எல்லை எது?

இந்தக் கேள்விக்குப் புதுக்கடைப் பக்கம் மற்ற ஊர்களைவிட வேலை அதிகம். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. தமிழுக்காக உயிர் கொடுத்த மண். ஆனாலும் அன்றாடப் பேச்சில் மலையாளம் தாராளமாகக் கலந்து வரும். குடிக்கிற தண்ணீருக்கு இங்கே “வெள்ளம்.” பலாவுக்குச் “சக்கை.” மேலப்பாளையத்திலிருந்தோ கடையநல்லூரிலிருந்தோ மருமகளாக வந்த பெண்ணிடம், “மோளே, கொஞ்சம் வெள்ளம் கொண்டா” என்று மாமியார் சொன்னால், எந்த ஆறு உடைத்துக்கொண்டதோ என்று அவள் திகைப்பாள். சம்பந்தி வீட்டாரிடம் “சக்கை தின்னுங்க” என்று உபசரித்தால், சாறு போன மிச்சத்தையா நமக்குத் தருகிறார்கள் என்று அவர்கள் முகம் சுருங்கும்.

இந்த இடத்தில் இரண்டு சிரிப்புகள் சாத்தியம். “இதுகூடத் தெரியாத பெண்ணைக் கட்டி வந்திருக்கோமே” என்று அடுக்களையில் கூடி நின்று சிரிப்பது ஒன்று. “பயப்படாதே மோளே, எங்க ஊரு வெள்ளம் குடத்துக்குள்ளேயேதான் நிக்கும்” என்று மாமியாரே சொல்லி, அவளையும் சேர்த்துக்கொண்டு சிரிப்பது மற்றொன்று. பாடம் இரண்டிலும் ஒன்றுதான். நாம் பேசுவது கேட்பவருக்கு விளங்க வேண்டும் என்பது. நாயகம் (ஸல்) அவர்களின் பேச்சு, எண்ணிவிடலாம் போன்ற நிதானத்தோடு இருந்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும், விளங்கும் பொருட்டுச் சொன்னதை மும்முறை சொல்வார்கள் என்று அனஸ் (ரலி) அவர்களும் அறிவிக்கிறார்கள். மக்களுக்குப் புரிகிற அளவில் பேசுங்கள் என்பது ஹழ்ரத் அலி (ரலி) அவர்களின் அறிவுரை. ஆனால் முதல் சிரிப்பில் அந்தப் பெண் கற்பது பேச்சை அல்ல, வாய் மூடி இருப்பதை. இரண்டாவதில் இருவருமே ஒரு சொல்லைப் புதிதாகப் பார்க்கிறார்கள்.

சொல்லைப் பார்க்க வைக்கும் சிரிப்புக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு மேதை இருந்தார். நாகர்கோவில் இடலாக்குடியில் 1874-இல் பிறந்து 1950-இல் மறைந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் சதாவதானத்தை 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நிகழ்த்திக் காட்டியவர். அவரைப் பற்றிப் பலர் வாயிலும் வழங்கும் ஒரு செய்தி உண்டு. முஸ்லிமான இவரை மடக்கிப் பார்க்கும் குறும்போடு, துருக்கனுக்கு இராமன் துணை என்று பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொன்னார்களாம். துருக்கன் என்றால் அன்றைய வழக்கில் முஸ்லிம். பாவலர் கோபிக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு முன்னால் “சத்” என்ற ஓர் அசை வந்து ஒட்டும்படி மேல் அடியை அமைத்தார். துருக்கன் சத்துருக்கன் ஆனான். இராமனின் தம்பிகளில் ஒருவன். தம்பிக்கு அண்ணன் துணை. அதை யார் மறுப்பது? சபை சிரித்தது. ஈற்றடி கொடுத்தவர் அவமானப்படவும் இல்லை, பாவலர் தம் ஈமானை விட்டுக்கொடுக்கவும் இல்லை. வாதத்துக்கு வருகிறவரைத் திட்டி அனுப்புவதே மார்க்கப் பற்று என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சிரிப்பு கம்பீரத்தைக் கெடுக்கும், கல்பைக் கடினமாக்கும் என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அளவு மீறினால் உண்மைதான். ஆனால் உபதேசங்களால் பக்தாதையே அழ வைத்த இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்), ஹிஜ்ரி 597-இல் (கி.பி. 1201) வபாத்தானவர்கள், மடையர்களின் கதைகளைத் தொகுத்து ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார்கள். பிறர் தவறிய இடத்தைக் கேட்டால் நாம் அங்கே எச்சரிக்கையாக நடப்போம், மனமும் சற்று இளைப்பாறும் என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் சேரும்.

எல்லைக்கு வருவோம். முதல் எல்லை உண்மை. தாம் விளையாட்டாகப் பேசினாலும் உண்மையையே பேசுவதாக அண்ணலார் சொல்லியிருக்கிறார்கள். மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனுக்குக் கேடுதான் என்று எச்சரித்தும் இருக்கிறார்கள். ஏறிச்செல்ல வாகனம் கேட்டு வந்த ஒருவருக்கு, ஒட்டகத்தின் பிள்ளை ஒன்றைத் தருவதாகச் சொன்னார்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவர் விழித்தார். எந்த ஒட்டகம்தான் ஒட்டகத்தின் பிள்ளையாக இல்லாமல் இருக்கிறது என்று கேட்டார்கள். பொய் ஓர் எழுத்தும் இல்லை. அவசரப்பட்டு அர்த்தம் செய்துகொண்ட காதுக்கு மட்டும் ஒரு செல்லத் தட்டு.

உண்மையாக இருந்தால் மட்டும் போதுமா? ஷமாயில் திர்மிதியில் வரும் மூதாட்டியின் சம்பவம் அறியாதவர் குறைவு. சுவனத்தில் கிழவி எவரும் நுழையமாட்டார் என்று கேட்டதும் அந்த அம்மையார் அழுதுகொண்டே திரும்பினார்கள். சொன்னது உண்மை, ஆனாலும் கண்ணீர் வந்துவிட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. முதுமைக் கோலத்தில் நுழையமாட்டார், இளமையோடு நுழைவார் என்பதை அவருக்குச் சொல்லும்படி உடனே பணித்தார்கள். திருமறையின் வாகிஆ அத்தியாயத்தையும் அதற்குச் சான்று காட்டினார்கள். நம்மில் பலர் செய்வது இதற்கு நேர் எதிர். “சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னேன்” என்று கையை உதறிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். அழுதவர் அழுதபடியே நிற்கிறார். விளையாட்டாகப் பேசியவருக்கு, கேட்டவர் முகம் மலரும் வரை அங்கே இருக்க வேண்டிய கடமை இருக்கிறது.

இதில் மிகவும் தவறு நடப்பது நம் வீட்டுப் பிள்ளைகளிடத்தில். மகனுக்குக் கொஞ்சம் திக்குவாய். விருந்தாளிகள் வந்திருக்கும்போது வாப்பா அவனைப் போலவே திக்கிப் பேசிக் காட்டுகிறார். வெட்கம் வந்தால் திருத்திக்கொள்வான் என்பது அவர் எண்ணம். தம் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடும்படி அல்லாஹ்விடம் துஆ கேட்டவர்கள் மூஸா நபி (அலை) அவர்கள். தெளிவாகப் பேசக்கூட வராதவர் என்று அந்த நபியைச் சபையில் வைத்து இளக்காரம் செய்தவன் யாரென்று திருக்குர்ஆன் சொல்கிறது: ஃபிர்அவ்ன். அந்த வேலையையா ஒரு வாப்பா தம் வீட்டுக் கூடத்தில் செய்வது?

“அவனும் சேர்ந்து சிரித்தானே” என்று பதில் சொல்கிறார்கள். பெரியவர்கள் எல்லாரும் சிரிக்கும்போது சிறுவன் வேறு என்னதான் செய்வான்? அடுத்த முறை விருந்தாளி வரும்போது அவன் முன்னால் வந்து ஸலாம் சொல்கிறானா, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானா என்று பாருங்கள்.