மன்னவனூர் பிள்ளைக்கு பேலன்ஸ் ஷீட் பயமா?

மன்னவனூரில் படித்து முடித்து நிற்கும் தம்பியே, தங்கையே, உன்னிடம்தான் பேசுகிறேன். சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு சின்ன மொபைல் கேம் கம்பெனி உன்னை வேலைக்குக் கூப்பிடுகிறது. சம்பளத்தைக் குறைத்துக்கொள், மீதியைப் பங்காகத் தருகிறோம் என்கிறது. அல்லது உன்னோடு படித்த நாலு பேர் கம்பெனி தொடங்கி, உன் வீட்டுப் பணத்திலும் கொஞ்சம் போடச் சொல்கிறார்கள். நீ என்ன செய்கிறாய்? "எனக்கு ஃபைனான்ஸெல்லாம் தெரியாது" என்று சொல்லிவிட்டு, அவர்கள் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறாய். அந்தப் பேச்சை இன்றோடு விடு!

உனக்கா தெரியாது? விதைப்பூண்டு என்ன விலை, உரம் எவ்வளவு, களையெடுக்க எத்தனை ஆள் கூலி, வடுகபட்டி பூண்டுச் சந்தை வரைக்கும் வண்டி வாடகை என்ன, மண்டிக் கமிஷன் போக மூட்டைக்கு என்ன நின்றது, இதையெல்லாம் உன் அம்மா காகிதம் இல்லாமலே சொல்வார். அமோகமாக விளைந்த வருடத்தில் விலை விழுந்து கையைக் கடித்ததும் அவருக்குத் தெரியும். விளைச்சல் வேறு, விற்ற பணம் வேறு, கையில் நின்ற காசு வேறு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கும் கண் உனக்குப் பிறந்த வீட்டிலேயே வந்துவிட்டது. கேம் கம்பெனியை எடைபோட அந்தக் கண்தான் வேண்டும்.

"பத்து லட்சம் டவுன்லோடு" என்று அவர்கள் மார்தட்டினால் மயங்காதே. பின்லாந்தின் ரோவியோ நிறுவனத்தைப் பார். 'ஆங்ரி பேர்ட்ஸ்' விளையாடாத பிள்ளை உண்டா? கோடிக்கணக்கான போன்களில் இருந்த விளையாட்டு அது. 2017-இல் ஒரு பங்கு 11.50 யூரோ என்று பங்குச்சந்தைக்கு வந்தது. 2023-இல் ஜப்பானின் சேகா நிறுவனம் அதை வாங்கியபோது கொடுத்த விலை 9.25 யூரோ. உலகமே அறிந்த பெயரும் பங்கு விலையைக் காப்பாற்றவில்லை.

நம் நாட்டுக்கு வா. 'வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' சென்னையில் உருவானது. நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா என்ற நிறுவனம் செய்தது. இரண்டாம் பதிப்பு 2015-இல், மூன்றாவது 2020-இல். நம் ஊர்ப் பிள்ளைகளால் முடியுமா என்று இனி யாரும் கேட்க வேண்டாம், முடிந்தாயிற்று! அந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது மும்பையின் நசாரா டெக்னாலஜிஸ். நசாரா 2021 மார்ச்சில் ஒரு பங்கு 1,101 ரூபாய்க்கு வெளியீட்டுக்கு வந்தபோது முதலீட்டாளர்கள் முண்டியடித்தார்கள். ஆனால் அதற்கு முந்தைய 2019-20 கணக்கில் வருவாய் ஏறக்குறைய 247 கோடி. நட்டமோ 26 கோடிக்கு மேல். அந்த ஆண்டு வருவாய் வளரத்தான் செய்தது. இது ரகசியமும் இல்லை, வெளியீட்டு ஆவணத்திலேயே அச்சாகியிருந்தது. படித்தவர்கள் எத்தனை பேர்?

வருவாய் ஏறும்போதே நட்டம் எப்படி வரும்? இந்தத் தொழிலின் உயிர்முடிச்சு இங்கேதான் இருக்கிறது, நிதானமாகப் படி. விளையாட வரும் ஒவ்வொருவரையும் விளம்பரம் போட்டுத்தான் பிடிக்கிறார்கள். ஒருவரைப் பிடிக்க 100 ரூபாய் செலவு, அவர் விட்டுப் போவதற்குள் தருவது 80 ரூபாய் என்று வை. அப்படியானால் கூட்டம் சேரச் சேர நட்டமும் சேரும். நசாராவின் குழந்தைகள் செயலியான 'கிடோபியா' அமெரிக்கச் சந்தாதாரர்களை நம்பி நடப்பது. 2021-இல் ஆப்பிள் தனியுரிமை விதியை மாற்றியதும், இப்படி விளம்பரத்தை நம்பிய செயலிகளுக்கெல்லாம் ஆள் பிடிக்கும் செலவு எகிறியது. வருகிற 100-லும் கூகுளும் ஆப்பிளும் 30 வரை எடுத்துக்கொள்ளும். சிறிய நிறுவனங்களுக்கு 2021 முதல் 15.

ஆகவே தலை நிமிர்ந்து கேள்! இன்று டவுன்லோடு செய்தவரில் 30-ஆம் நாளும் விளையாடுபவர் நூற்றுக்கு எத்தனை பேர்? ஒருவரைக் கொண்டுவர என்ன செலவு? வங்கியில் இருக்கும் பணத்தை மாதச் செலவால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும்? வருமானம் முழுக்க ஒரே விளையாட்டிலிருந்தா? இன்னொன்றையும் கவனி. பாதி முடிந்த விளையாட்டுக்குக் கொடுத்த சம்பளத்தைச் செலவில் காட்டாமல் 'உருவாக்கத்தில் உள்ள சொத்து' என்று எழுத விதிகளில் இடம் உண்டு. அந்த வரி வருடா வருடம் பெருத்து, விளையாட்டு மட்டும் வெளிவராமல் இருந்தால், ஏட்டில் உள்ள லாபத்தை நம்பாதே.

சட்டத்தையும் படி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. ட்ரீம்11 போன்ற பெரிய நிறுவனமே கட்டணப் போட்டிகளைச் சில நாட்களில் நிறுத்த வேண்டியதாயிற்று. அது நல்ல சட்டம் என்பது என் முடிவு. எத்தனையோ குடும்பங்களின் கண்ணீர் அதற்குப் பின்னால் இருக்கிறது. நீ சேரப்போகும் கம்பெனியின் காசு எந்த வழியில் வருகிறது என்று முதல் நாளே தெரிந்துகொள்.

இதையெல்லாம் கேட்டு "வேண்டாம் சாமி, இந்தத் தொழிலே ஆகாது" என்று நீ ஒதுங்கினால் எனக்குக் கோபம்தான் வரும். அதே ரோவியோ 51 விளையாட்டுகளைச் செய்து, திவாலாகும் நிலைக்கு வந்து, 52-ஆவதாகத்தான் 'ஆங்ரி பேர்ட்ஸ்' செய்தது. விழுந்தும் அடுத்ததைச் செய்யக் கையில் கொஞ்சமாவது காசும் மனதில் தெம்பும் மிச்சமிருந்ததால் எழுந்தது. அந்த மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கணக்கு. பார்த்துவிட்டு இறங்குபவன் நள்ளிரவில் பயந்து எழ மாட்டான்.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால், பதிவு செய்த தனியார் கம்பெனியின் ஆண்டுக் கணக்கைத் திறந்து பார்க்கலாம். மூன்று வருடக் கணக்கை எடு. வருவாய், விளம்பரச் செலவு, கையிருப்பு மூன்றையும் ஒரு நோட்டில் எழுது. புரியாத வரியை உன் ஊரில் வரி தாக்கல் செய்து கொடுப்பவரிடம் கூச்சப்படாமல் கேள். அப்புறம் அந்த நிறுவனரைக் கூப்பிட்டு உன் கேள்விகளைத் தமிழிலேயே கேள். எண்ணைச் சொல்பவரிடம் பேச்சைத் தொடர். மழுப்புபவரிடம் கையெழுத்துப் போடாதே.