கிரேக்கப் பெயர் பூண்ட காற்றும் நீரும்

சீடன்: குருவே, மீட்டியராலஜி, சைக்ளோன், ஹைட்ரஜன் என வானிலையையும் நீரையும் பற்றிய கலைச்சொற்கள் பெரும்பாலும் கிரேக்க வேரில் பிறந்தவை. இந்த அறிவியலே கிரேக்கர் தந்தது என்பதற்கு இச்சொற்கள் போதாதா?

குரு: சொல் எப்போது பிறந்தது என்று கேட்காமல் அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதே. நீ சொன்ன மூன்றில் முதலாவதே பழையது. அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அப்பெயரில் எழுதிய நூலில் மழையோடு வால்மீன், பால்வீதி, நிலநடுக்கம்கூட அடங்கின. சைக்ளோனோ கல்கத்தாவில் பிறந்தது. அங்கு வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், மாலுமிகளுக்காக 1848இல் வெளியிட்ட நூலில், பாம்பின் சுருளையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை ஆக்கினார். காற்று சுழல்கிறது என்று சொல்ல வேண்டும். அது சரியான வட்டம் என்று அடித்துச் சொல்லிவிடவும் கூடாது. அந்த எச்சரிக்கையே அவரைக் கிரேக்கத்திடம் அனுப்பியது, பழமைப் பற்று அல்ல.

சீடன்: பிற்காலத்தில் ஆக்கியதாகவே இருக்கட்டும். 'நீரை ஆக்குவது' என்ற பெயர் ஹைட்ரஜனின் இயல்பைச் சரியாகத்தானே உரைக்கிறது?

குரு: சரி என்று நிறுவியது பெயரா, சோதனையா? ஹைட்ரஜனை எரித்தால் கிடைப்பது நீரே என்று வேதியியலாளர் லவாய்சியர் 1783இல் காட்டினார். பெயர் 1787இல் வந்தது. அதே பெயரிடலில்தான் ஆக்சிஜனும் நிலைபெற்றது. அதன் பொருள் 'அமிலத்தை ஆக்குவது'. எல்லா அமிலத்திலும் அது உண்டு என அவர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்பதை 1810இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி விளக்கினார். ஆக, ஒரே நீரில் கூடியிருக்கும் இரண்டு தனிமங்களில் ஒன்றின் பெயர் மெய், மற்றதன் பெயர் பிழை. இரண்டும் ஒரே அளவு கிரேக்கம். ஜெர்மானியர் ஆக்சிஜனைப் 'புளிப்புப் பொருள்' என்று தம் மொழியில் பெயர்த்துப் பிழையையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள்!

சீடன்: பிழை என்று தெரிந்தபின் மாற்றிவிடுவதல்லவா நேர்மை?

குரு: மாற்றினால் பழைய ஆய்வுகளைப் படிப்பது எப்படி? மூலப்பொருள் மறந்தாலும் சொல் வாழும். கிளைமேட் என்பதன் மூலச்சொல்லுக்குச் சாய்வு என்று பொருள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வானியலாளர் தாலமி, ஆண்டின் மிக நீண்ட பகல் தெற்கே மெரோவேயில் 13 மணி, வடக்கே அலெக்சாந்திரியாவில் 14 மணி என்று கணக்கிட்டே நிலத்தை வளையங்களாகப் பகுத்தார். மழையளவு அந்தப் பகுப்பில் இல்லை. இன்று அச்சொல்லைக் கேட்கும் எவருக்கும் சாய்வு நினைவுக்கு வருவதில்லை. அதற்குப் பொருள் தருவன பல்லாண்டு மழை, வெப்ப அளவீடுகளின் சராசரிகளே. ஆக்சிஜனும் அமிலத்தை மறந்துவிட்டு அப்படித்தான் வழங்குகிறது.