ஒரு நாள் தொண்டு யாருக்கு?

பெங்களூரு நகர ரயில் நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் உள்ளது ஒக்கலிபுரம். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பகுதி. அருகிலேயே இருப்புப்பாதைகள், சற்றுத் தள்ளி மெஜஸ்டிக் பேருந்து நிலையம். வீட்டைவிட்டு ஓடிவரும் சிறுவர்கள் பலர் இந்நகரில் முதன்முதலாகக் கால் வைப்பது இந்த வட்டாரத்தில்தான். தந்தையின் குடி, பள்ளியில் வாங்கிய அடி, பசி, சில வேளைகளில் ரயிலேறிப் பார்க்கும் ஆசை மட்டுமே. காரணம் எதுவாயினும், நடைமேடையில் இறங்கிய சிறிது நேரத்துக்குள் அவனை யாரோ ஒருவர் கண்டுகொள்கிறார். அந்த ஒருவர் யார் என்பதைப் பொறுத்து அவனது வாழ்வு ஏதோ ஒரு பக்கம் திரும்பிவிடுகிறது.

இவ்வாறு வரும் குழந்தைகளை மீட்பதற்கென்றே ரயில் நிலையங்களில் காத்திருக்கும் தொண்டர்கள் உண்டு. மீட்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் விதி. அதன்பின், வீடு கண்டுபிடிக்கப்படும்வரை குழந்தை காப்பகத்தில் தங்குகிறது. சிலருக்கு அது சில நாள்கள். சிலருக்கோ பல ஆண்டுகள்.

இத்தகைய காப்பகங்களுக்கு ஒரு நாள் தொண்டு செய்ய வருவோர் பலர். பிறந்தநாள் கொண்டாட வருவோர், பெற்றோரின் நினைவு நாளில் அன்னமிட வருவோர், அலுவலகத்திலிருந்து குழுவாக வரும் இளைஞர்கள். காலையில் வந்து பாட்டும் விளையாட்டுமாகப் பொழுதைக் கழித்து, மாலையில் கண்கலங்க விடைபெறுகிறார்கள். (சுதந்திர தினத்தன்றும் தீபாவளியன்றும் குவியும் இனிப்பில் பாதி, தேர்வு மாதத்தில் பென்சிலாக வந்திருக்கலாம் என்று நிர்வாகிகளுக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை.) வருவோரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் அந்த ஒரு நாளால் நன்மை பெற்றவர் யார் என்ற கேள்வி நிற்கிறது.

முதன்முறை காணும் விருந்தினரை ஒரு சிறு குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்கிறது. அவர் உள்ளம் நெகிழ்ந்து, தம் அன்பின் ஆற்றலை எண்ணி மகிழ்கிறார். அறிந்தோர் இதைக் கண்டு கவலையே கொள்வர். வீட்டில் வளரும் குழந்தை அந்நியரைக் கண்டால் தாயின் பின்னால் ஒளிந்துகொள்ளும். எவரிடமும் தயக்கமின்றி ஒட்டிக்கொள்வது, ஒட்டிய உறவுகள் பலமுறை அறுந்துபோனதன் அடையாளமாக இருக்கலாம். தாயையோ தாய்க்கு நிகரான ஒருவரையோ நிலையாகப் பெறாத குழந்தையின் மனம் எவ்வாறு ஊறுபடுகிறது என்பதை, 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில் ஜான் பௌல்பி எடுத்துரைத்தார். 2010-ல் லிண்டா ரிக்டர், ஏமி நார்மன் என்னும் இருவர், ஆதரவற்றோர் இல்லங்களில் சில காலம் அன்பு காட்டிவிட்டுப் போகும் தன்னார்வலர்களால் இளங்குழந்தைகளுக்கு நேரும் தீங்கைக் குறித்து எச்சரித்தனர். ஒவ்வொரு விடைபெறலும் மற்றுமொரு கைவிடலாகக் குழந்தையின் மனத்தில் பதியக்கூடும்.

தெருவில் பழகிய பன்னிரண்டு வயதுச் சிறுவன் இவ்வாறு கட்டிக்கொள்ள மாட்டான். அவன் வேறொன்றைச் செய்வான். முகங்களைப் படித்தே பிழைத்தவன் அவன். வந்தவர் எந்தக் கதையைக் கேட்டால் உருகுவார் என்பதை நொடியில் அறிந்துகொள்வான். "அப்பா அம்மா இறந்துவிட்டார்கள்" என்பான். கேட்டவர் விழிநீர் மல்க அவனுக்கு ஒரு புதிய சட்டை வாங்கித் தருவார். மறுநாள் காலை, அவனுடைய ஊரையும் பெயரையும் பொறுமையாகக் கேட்டறிந்து அவனை வீட்டுடன் சேர்க்க முயலும் பணியாளரிடமும் அவன் அதே கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்துப் பேரிடம் சொல்லிப் பரிசு பெற்ற பொய்யை அவனால் எளிதில் விட்டுவிட முடியுமா? எங்கோ ஒரு சிற்றூரில் வாசலைப் பார்த்தபடி உயிரோடு காத்திருக்கும் தாய், இவ்வாறு மேலும் சில மாதங்கள் காத்திருக்க நேர்கிறது.

கொடையைப் பற்றிப் பேசும்போது தைத்திரீய உபநிடதம், சிரத்தையோடு நாணத்தையும் அச்சத்தையும் அறிவையும் உடன் வைக்கிறது. குருகுலம் முடித்து உலகினுள் செல்லும் மாணவனுக்குக் கூறப்படும் அறிவுரை அது. கொடுப்பவன் ஏன் அஞ்ச வேண்டும்? பழைய உரைகள் இதற்குப் பலவாறு பொருள் கூறலாம். காப்பகத்தின் வாசலில் நிற்பவருக்கோ பொருள் நேரடியானது: தன் கொடையால் தீங்கு விளையக்கூடும் என்ற அச்சம் அது. "அடுத்த ஞாயிறும் வருவீர்களா, அண்ணா?" என்று கேட்கும் சிறுவனிடம், வர இயலாதவர் "வருவேன்" என்று சொல்லாமல் தடுப்பதும் அந்த அச்சமே.

கைம்மாறு செய்ய இயலாதவருக்கு, தக்க இடத்தில், தக்க காலத்தில் அளிப்பதைச் சாத்துவிகக் கொடை என்கிறது கீதையின் பதினேழாம் அத்தியாயம். தெருக்குழந்தையைவிடக் கைம்மாறற்றவர் யார் என்று தோன்றும். ஆனால் அவன் கைம்மாறு செய்துகொண்டேதான் இருக்கிறான். புன்னகையைத் தருகிறான், கதையைத் தருகிறான், ஆடச் சொன்னால் ஆடுகிறான், வந்தவர் தோளில் கைபோட்டபடி புகைப்படத்துக்கு நிற்கிறான். இந்தக் கடைசிக் கைம்மாற்றைப் பிறர் காண வெளியிடுவது சட்டப்படியே குற்றம். காப்பகக் குழந்தையின் அடையாளத்தையோ படத்தையோ வெளியிடுவோருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம் என்கிறது மேற்சொன்ன சட்டத்தின் 74-ஆம் பிரிவு.

அவ்வாறாயின், ஒரு நாளே உடையவர் வீட்டில் இருந்துவிடுவதே நல்லதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. 1841-ல் இத்தாலியின் டூரின் நகரில் ஜான் போஸ்கோ என்ற இளம் பாதிரியார், வேலை தேடி நகருக்கு வந்து அலைந்த சிறுவர்களைத் தம்மிடம் கூட்டத் தொடங்கியபோது, அதுவும் ஞாயிறும் திருநாளும் கூடும் கூட்டமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஞாயிறும் அவர் அங்கு இருந்தார். அவர் வழிவந்த சலேசிய சபையின் மாணவர்கள் சிலர் 1980-ல் பெங்களூருத் தெருக்களில் சிறுவர்களோடு பழகத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததே 'பெங்களூரு ஓணியவர சேவா கூட்டா'. ஓணி என்றால் கன்னடத்தில் சந்து, தெரு. அவர்கள் கட்டடம் எழுப்பிவிட்டுக் குழந்தைகளுக்காகக் காத்திருக்கவில்லை. குழந்தைகள் இருந்த தெருவுக்கே சென்றார்கள். மாணவர்கள் படிப்பு முடிந்து மாறிச் சென்றாலும், அவர்கள் தொடங்கியது நாற்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

மீண்டும் வர இயலாதவரும் தம் நாளைக் கொடுக்கலாம். அதைக் குழந்தையிடம் கொடாமல், குழந்தையோடு நாளையும் மறுநாளும் இருக்கப்போகிறவரிடம் கொடுக்கலாம். காப்பகத்தில் பாய்களைத் துவைத்து உலர்த்த வேண்டும். ஐம்பது பேருக்குக் காய் நறுக்க வேண்டும். ஒழுகும் குழாயைச் சரிசெய்ய வேண்டும். நன்கொடையாக வந்த துணிகளுள் கிழிந்தவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். கணக்கேடுகளை எழுதி முடிக்க வேண்டும். இவற்றில் எதையும் புகைப்படம் எடுத்துப் பெருமை கொள்ள முடியாது. எந்தக் குழந்தையும் வந்தவரின் பெயரைக் கேட்காது. ஆனால் அடுக்களையிலும் ஏட்டிலும் அன்று சிக்கிக்கொள்ள வேண்டிய பணியாளருக்கு ஒரு பிற்பகல் மிச்சமாகிறது. ஊரின் பெயரைச் சொல்லாமல் மூன்று நாள்களாகச் சுவரோரம் அமர்ந்திருக்கும் புதிய சிறுவனின் அருகில், ஒன்றும் கேட்காமல், அவர் போய் உட்கார்ந்துகொள்கிறார்.