கூண்டும் கருணையும்

சென்ற கோடையில் சமயபுரத்தில் வாழும் என் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். கூடத்தின் மூலையில் ஒரு கம்பிக்கூண்டு இருந்தது. அதனுள் எலியினத்தைச் சேர்ந்த ஹாம்ஸ்டர் என்னும் சிறு பிராணி பந்துபோல் சுருண்டு உறங்கிக்கொண்டிருந்தது. "நாய், பூனை என்றால் புலால் தரவேண்டும் என்பீர்கள், இது தானியம் தின்பதுதானே!" என்று வாதாடிப் பத்து வயதுப் பேரன் அதனை வாங்கச் செய்திருக்கிறான். ஒரு திங்களுக்குள் அது அவன் விரலை இருமுறை கடித்துவிட்டது. "கொள்ளிடக் கரையில் விட்டுவிடலாம், மாமா. கூண்டிலிருந்து விடுதலை தந்த புண்ணியமாவது கிடைக்கும்" என்றார் மருமகன். பேரனோ கண் கலங்கி என்னை நோக்கினான். விடை கூறுமுன் இரண்டு வினாக்களை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. அதனை அடைத்தது அறமா? அடைத்தபின் விட்டுவிடுவது அறமா?

இல்லறத்தாரின் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துள்ளது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. வேளை தவறாது தீனி வைத்தால் கடமை முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம். அதனால் நீங்குவது ஐந்தாவது குற்றமே. வரிசையில் முதலில் நிற்பதோ கட்டுதல். உணவு நிறைந்த கூண்டும் கூண்டேயாகும். உழவர் குடியினரான நம்மவர்க்கு மாடு கட்டுவது புதிதன்றே எனச் சிலர் வினவக்கூடும். மேய்ச்சலுக்குச் சென்ற மாடு மாலையில் தானே தொழுவத்தை நாடி வரும். கதவு திறந்தால் ஹாம்ஸ்டர் திரும்பி வருமா?

இப்பிராணியின் வரலாறும் சிந்திக்கத் தக்கது. 1930-ஆம் ஆண்டு சிரியா நாட்டின் அலெப்போ நகரருகே, விலங்கியல் அறிஞர் இஸ்ரேல் அஹரோனி ஒரு வயலில் ஆழத் தோண்டித் தாய் ஒன்றையும் அதன் குட்டிகளையும் எடுத்தார். வளையை இழந்து கலங்கிய தாய் தன் குட்டியொன்றைத் தானே கொன்றது. உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் ஏறத்தாழ அனைத்தும் எஞ்சிய குட்டிகளின் வழிவந்தவையே. அவை பகலில் உறங்கி இரவில் உலவுபவை, தனித்து வாழ்பவை. பள்ளி விட்டு வரும் சிறுவனுக்கு விளையாட்டு வேளை. அதற்கோ ஆழ்ந்த உறக்க வேளை. மேலிருந்து கவ்வும் கை அதற்குப் பருந்தின் நிழலாகவே தோன்றும். அஞ்சிக் கடித்தால் பொல்லாத பிராணி என்கிறோம்.

பேணுவோரின் அன்பு மட்டும் போதாது என்பதைச் சமயபுரத்தார்க்கு நெடுந்தூரம் சென்று காட்ட வேண்டியதில்லை. முதுமலைக் காட்டில் தாயைப் பிரிந்த குட்டியாக மீட்கப்பட்டது மசினி என்னும் யானை. தெப்பக்காடு முகாமில் வளர்ந்து, பின்னர் மாரியம்மன் கோயிலுக்கு வந்தது. 2018 மே 25 அன்று கோயிலுக்குள்ளேயே அது தன் பாகரைக் கொன்றது. உயர் நீதிமன்ற ஆணையின்படி 2019-இல் முதுமலைக்கே அனுப்பப்பட்டது. அங்கும் 2023 ஏப்ரலில் அதனைப் பராமரித்த ஒருவர் அதனால் உயிரிழந்தார். யாரையும் பழிப்பது என் நோக்கமன்று. அநாதைக் குட்டியைக் காத்தது கருணையே. மாண்டவர்களும் அதற்கு உணவூட்டியவர்களே. எனினும் கூட்டமாய் வாழும் யானையைத் தனியே நிறுத்துகிறோம். தனித்து வாழும் ஹாம்ஸ்டருக்குத் துணை வேண்டுமென்று இரண்டை ஒரே கூண்டில் விட்டு, அவை கடித்துக் குதறக் காண்கிறோம். இரண்டிலும் நாம் கேட்டது நம் விருப்பத்தையே. அவ்வுயிரின் இயல்பைக் கேட்டோமில்லை. மேலும், ஒருமுறை மனிதரைச் சார்ந்துவிட்ட உயிரை இருந்த இடத்திற்கே அனுப்பினாலும் பழைய வாழ்வு எளிதில் திரும்புவதில்லை.

இனி இரண்டாம் வினா. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே நம் சமயத்தார் நடத்தும் பறவை மருத்துவமனையில், நலம் பெற்ற பறவைகளை வானில் பறக்க விடுகின்றனர். அது விடுதலை; ஏனெனில் வானம் அவற்றின் வீடு. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த ஹாம்ஸ்டருக்குக் கொள்ளிடக் கரை வீடன்று. அங்கே இரை தேட அதற்குத் தெரியாது; கீரியும் ஆந்தையும் பாம்பும் ஓரிரு நாளில் அதன் கதையை முடித்துவிடும். அதனை விடுதலை என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். கட்டியது பிழை, கட்டியபின் கைவிடுவது அதனினும் பெரும்பிழை.

ஆகவே நான் கூறிய விடை இதுதான்: "வாங்கியது வாங்கியாயிற்று. அதன் ஆயுள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். அதுவரை அது நம் பொறுப்பு. இனியொன்றை வாங்க வேண்டாம். வாங்குவோர் உள்ளவரை கூண்டில் பிறக்கும் குட்டிகளும் பெருகும்." பெரிய கூண்டொன்று செய்வித்தோம். வளை தோண்டுவதற்காக மரத்தூளை ஆழமாக நிரப்பினோம். திருச்சி வெயில் தாக்காத குளிர்ந்த அறையில் வைத்தோம். பகலில் எழுப்புவதில்லை என்று பேரன் உறுதி பூண்டான். மாலை மயங்கியபின் திறந்த உள்ளங்கையில் சில விதைகளை வைத்துக்கொண்டு அசையாமல் காத்திருப்பான். பல நாள் அது வரவில்லை. ஒருநாள் தானாகவே வந்து, விதைகளைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு சென்றது. பிடிக்க அவன் கையை மூடவில்லை.

பழக்கப்பட்டது பிராணி மட்டுமன்று; அவனுடைய ஆசையும் பழகியிருந்தது. ஏற்கெனவே ஓர் உயிரை வளர்த்துவரும் இல்லத்தார் அதன் இயல்பறிந்து இறுதிவரை காப்பாராக. வாங்க எண்ணுவோர், அக்கூண்டின் விலையில் மொட்டைமாடியில் ஒரு நீர்த்தொட்டியும் ஒரு பிடித் தானியமும் வைத்துப் பார்ப்பாராக. அணிலும் குருவியும் தாமே வரும், தாமே போகும்.