முத்திரையா, வெள்ளியா?

காசின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியிலா, அதன்மேல் விழுந்த முத்திரையிலா? 1690களில் இங்கிலாந்தை இந்தக் கேள்வி உலுக்கியது. கேள்வியைக் கிளப்பியவை சுத்தியலால் அடித்த பழைய வெள்ளிக் காசுகள்.

கீழ் அச்சின்மேல் வெள்ளி வில்லையை வைத்து, மேல் அச்சைப் பிடித்துக்கொண்டு சுத்தியலால் அடிப்பார்கள். வட்டம் ஒழுங்காக அமையாது. விளிம்புக்குக் காப்பும் கிடையாது. 1601 முதல் ஒரு ஷில்லிங் ஏறத்தாழ 6 கிராம் இருக்க வேண்டும். ஆனால் மரண தண்டனைக்கும் அஞ்சாமல் பலர் ஓரத்தைக் கத்தரித்து வெள்ளி சேர்த்தார்கள். 1662 முதல் வந்த எந்திரக் காசுகளை மக்கள் பதுக்கினார்கள், உருக்கினார்கள். சந்தையில் புழங்கியது பழங்காசுதான். 1695இல் நிறுத்துப் பார்த்தபோது அது ஏறத்தாழ பாதி எடைக்கு இறங்கியிருந்தது.

60 பென்னி பெறும் க்ரௌன் காசை இனி 75 பென்னி என்று அறிவிக்கலாம் என்றார் கருவூலச் செயலர் வில்லியம் லவுண்ட்ஸ். தத்துவவாதி ஜான் லாக் மறுத்தார். அவருக்கு முத்திரை என்பது எடைக்கும் தரத்துக்கும் அரசு தரும் உறுதிமொழி மட்டுமே. ஒப்பந்தங்கள் வெள்ளியின் அளவைக் குறித்தே எழுதப்பட்டவை. காசின் பெயரளவு மதிப்பை உயர்த்துவது கடன் கொடுத்தவரை ஏய்ப்பதாகும். சட்டமே பணத்துக்கு மதிப்பைத் தருகிறது என்று 1696இல் நிக்கோலஸ் பார்பன் பதிலளித்தார்.

நாடாளுமன்றம் லாக்கின் பக்கம் நின்றது. 1696இல் பழங்காசுகள் உருக்கப்பட்டு, முழு எடையில் மீண்டும் அடிக்கப்பட்டன. குறித்த கெடுவுக்குள் பழங்காசை வரியாகச் செலுத்த முடிந்தவர்கள் முழு மதிப்பையும் பெற்றார்கள், எளியவர்கள் நட்டப்பட்டார்கள். அந்த அநீதியை லாக்கின் தருக்கம் கணக்கில் எடுக்கவில்லை. பாதி எடைக் காசு ஆண்டுக்கணக்கில் முழு விலைக்குச் செலாவணியானதற்கும் அதில் சரியான விளக்கமில்லை. அங்கே மக்கள் நம்பியது ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையைத்தான். காசையும் நேர்மையையும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கும் தமிழருக்கு இது எளிதில் விளங்கும்.

உருக்கலுக்குத் தப்பிய காசுகளையே இன்று சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். ஓரம் வெட்டுண்ட காசுக்கு அவர்களிடம் விலை குறைவு. குறைந்த வெள்ளிக்காக அல்ல, அழிந்த எழுத்துக்காக. அவர்கள் பெரிதும் விரும்புபவற்றில் ஒன்று, இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் முற்றுகையிடப்பட்ட நியூவார்க் நகரின் சாய்சதுரக் காசு. 1645, 1646இல் வெள்ளித் தட்டுகளை வெட்டி, கிரீடமும் மதிப்பும் பொறித்து அடித்தவை அவை. சிலவற்றில் தட்டின் பழைய வேலைப்பாடு முத்திரைக்கு அடியில் இன்னும் தெரிகிறது.