விருந்தும் வீட்டாரும்

உதகையை ‘மலைகளின் அரசி’ என்கிறோம். அந்த அரசிக்குப் பணிபுரிவோர் உறங்க இடமுண்டா?

அரிசி மலையேறி வருகிறது; விலையும் உடன் ஏறுகிறது. வாடகையோ விருந்தினர் மடியைப் பார்த்தே உயர்கிறது. 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை மூடப்பட்டுவிட்டது. பசுந்தேயிலைக்கு உரிய விலை கேட்டு, 2023இல் சிறு விவசாயிகள் உண்ணாநிலை இருந்தனர். இனிச் சுற்றுலாவே கதி என்போர் உண்டு.

2024 மே முதல், உயர் நீதிமன்ற ஆணைப்படி, வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. வருவோரை எண்ணக் கற்றோம், வாழ்வோரை எண்ணினோமா?

விருந்தோம்பல் தமிழர் பண்பு, மறுக்கவில்லை. ஆனால், வீட்டார் வெளியே நிற்க விருந்து நடப்பது அறமாகுமா? உழைப்போர்க்கு வீடு, கொழுந்துக்கு நேரிய விலை: இவையே திட்டத்தின் முதல் வரிகளாகட்டும். தோழர்களே, அவற்றை எழுதச் செய்வது நம் கடமை!