வாய்ப்பூட்டும் வாய்மையும்

தேர்தல் நேர்மையாக நடைபெற வேண்டுமாயின் மக்களின் வாயைக் கட்டத்தான் வேண்டுமா? தென் கொரியா பல ஆண்டுகளாக இக்கேள்வியோடு போராடியுள்ளது.

அந்நாட்டுத் தேர்தல் சட்டத்தின் 93ஆம் பிரிவு, தேர்தலுக்கு 180 நாள்களுக்கு முன்பிருந்தே, கட்சியையோ வேட்பாளரையோ ஆதரித்தும் எதிர்த்தும் துண்டறிக்கை, சுவரொட்டி, ‘இவை போன்றவை’ எதையும் பரப்பலாகாது என்று விதித்தது. பணம் படைத்தோரின் குரலே ஓங்கிவிடலாகாது என்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் இணையம் வந்தபின், ‘இவை போன்றவை’ என்னும் இரு சொற்களுக்குள், ஒரு குடிமகன் தன் கணினியில் எழுதும் நான்கு வரிகளும் அடங்கின. எழுதியோர் வழக்குக்கு ஆளாயினர்.

2009இல் அரசமைப்பு நீதிமன்றம் இத்தடையை விட்டுவைத்தது. ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் அது தவறு என்றனர். சட்டத்தை வீழ்த்தவோ அறுவர் தேவை. 2011 டிசம்பர் 29 அன்று அந்த அறுவர் கிடைத்தனர். இணையம் செலவு குறைந்தது. எளியோர்க்கும் இடம் தருவது. பணபலத்தைத் தடுக்க எழுந்த சட்டத்தைக் கொண்டே அதனை அடைப்பது பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம்.

சிக்கல் அத்துடன் தீர்ந்ததா? இல்லை. 2012ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலையொட்டி, அரசின் உளவு நிறுவனமே பொதுமக்களைப் போல் வேடமிட்டு இணையத்தில் கருத்துப் பரப்பியது. அதன் முன்னாள் தலைவருக்கு விதிக்கப்பட்ட நான்காண்டுச் சிறைத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. எளியோர்க்கெனத் திறந்த வாயிலில் வலியோரும் மாறுவேடத்தில் நுழைந்தனர்.

அதற்காக, எல்லாரும் பெயரை மெய்ப்பித்த பின்னரே பேச வேண்டும் எனலாமா? தேர்தல் காலத்தில் செய்தித் தளங்களுக்கு இருந்த அத்தகைய விதியையும் 2021இல் அதே நீதிமன்றம் நீக்கியது. பெயர் மறைப்போர் எல்லாரும் வஞ்சகர் அல்லர். வலியோர்க்கு அஞ்சி மறைக்கும் எளியோரும் உளர்.

பின்னர் 2023இல் நாடாளுமன்றம் வேறொரு தடையை இயற்றியது: செயற்கை நுண்ணறிவால் மெய்போலப் புனைந்த படமும் குரலும் தேர்தலுக்கு முந்தைய 90 நாள்களில் பரப்புரைக்கு ஆகா.

இங்கே ஓர் அறவேறுபாட்டைக் காண்கிறோம். ஒருவன் தன் கருத்தைச் சொல்வது வேறு. தன் அதிகாரத்தை மறைத்து நூறு பேராக நடிப்பதும், பேசாதவன் வாயில் பேச்சை வைப்பதும் வேறு. முன்னதைத் தடுப்பது குடிமகனின் அறிவை இழிவுபடுத்துவதாகும். பின்னவற்றைத் தடுக்காது விடுவதும் அவ்வறிவுக்கே செய்யும் துரோகமாகும். ஏனெனில் பொய்யை நம்பி இடும் வாக்கு அவனுடைய வாக்கன்று.

எனினும் புதிய தடைகளை இயற்றுவோர் பழைய பாடத்தை மறத்தலாகாது. பொய்யனைப் பிடிக்க விரித்த வலையில் மெய்யனும் சிக்குவதற்கு, ‘போன்றவை’ என்ற ஒரு சொல் போதும்.